மூன்றுக்குக் கீழே

திரையில் என் படகு
மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது.
முன்னூறு மீட்டர், செங்குத்து,
கலைமான்கூடத் தயங்கும் சரிவு.
டோவே எட்டிப் பார்த்தாள்.
"இப்போது எங்கே இருக்கிறோம், கில்லாக்?"
"தண்ணீரில்தான்" என்றேன்.

கிரீன்லாந்தின் இந்தக் கரையில் அது சகஜம்.
செயற்கைக்கோள் சொல்லும் இடம் ஒன்று,
யாரோ குன்றேறிக் கோணம் பார்த்து வரைந்த கரை ஒன்று,
நடுவே அரைக் கிலோமீட்டர் பிணக்கு.
திரையை அணைத்தேன்.
காகிதத்தை விரித்தேன்.

காகிதத்தில் இந்த ஃபியோர்டு பெரும்பாலும் வெள்ளை.
வெள்ளை என்றால் ஆழம் என்று பொருளில்லை.
அங்கே யாரும் கேட்டுப்பார்க்கவில்லை என்று பொருள்.
நடுவில் மட்டும் எறும்புச் சாரையாய் எண்கள்:
எப்போதோ ஒரு கப்பல்
ஈயக்குண்டை இறக்கி இறக்கிப் போன வழி.
அத்தனையும் பாகக் கணக்கு.
என் ஆழமானியோ மீட்டரில் பேசும்.
பாகத்தை இரட்டித்துக் கொஞ்சம் குறைக்க வேண்டும்,
மூடுபனியில் செய்யக்கூடாத கணக்கு.

மூடுபனி.
அணியமே தெரியவில்லை.
என் கண் முன்கண்ணாடியை விட்டு விலகக்கூடாது:
வீட்டளவு பனிக்கட்டி எதிரே வந்தாலும் ஆழமானி சொல்லாது,
அதற்குக் காலடி மட்டும்தான் தெரியும்.
"எண்ணை நீ படி" என்றேன் பல் டாக்டரிடம்.

பின்தளத்தில் அவள் நாற்காலி,
தார்ப்பாயில் சுற்றி, இரட்டைக் கயிறு போட்டுக் கட்டியது.
வருஷத்துக்கு ஒருமுறை,
அறுபது பேர் ஊருக்கு.

"எழுபத்தொன்று. எழுபது. அறுபத்தெட்டு."
செவிலியிடம் ஈறின் ஆழம் சொல்லும் குரல்.
ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை,
பக்கத்தில் ஒருவருக்கு வலிக்கிறது என்ற நினைப்பும் இல்லை.
"நாற்பது. நாற்பது. நடுவில் ஏதோ கோடு."
"மீன் கூட்டம். விடு."
"முப்பத்தெட்டு. மீன் போய்விட்டது.
பதினெட்டு."
இருபதுகளை எங்கே விட்டாய் என்று கேட்க
வாயெடுத்தேன்.
"ஒன்பது. ஐந்து. மூன்று."

மூன்றையும் அதே குரலில்தான் சொன்னாள்.
விசைப்பிடியை முழுக்கப் பின்னால் இழுத்தேன்.
எஞ்சின் அலறியது. காப்பிக் குடுவை உருண்டது.
பின்தளத்தில் நாற்காலி
கட்டை அறுத்துக்கொண்டு எழப் பார்த்தது.
"இரண்டு. இரண்டு. இரண்டு புள்ளி ஒன்று."
என் படகுக்கு ஒன்றரை வேண்டும்.
"இரண்டு."
கண்ணாடியில் பனியைத் தவிர ஒன்றுமில்லை.
"நான்கு. பதினொன்று."

மூச்சு விட்டது யாரென்று தெரியவில்லை.
எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு மிதந்தோம்.
"வாய்க்குள் மூன்று வரை நலம்" என்றாள்.
"நான்கில்தான் சனியன் பிடிக்கும்."
"எங்களுக்கு..." என்று தொடங்கினேன்,
நாக்கு ஒட்டிக்கொண்டது.

காகிதத்தின் வெள்ளையில், பென்சிலால்
ஒரு சிலுவைக்குறி, பக்கத்தில் 2.
கீழே 'இடம் சந்தேகம்' என்று எழுதினேன்.
அந்தப் பார் இருப்பதில் சந்தேகமில்லை,
நாங்கள் எங்கே இருந்தோம் என்பதில்தான்.
அவள் பென்சிலை வாங்கி
மணியையும், ஓதம் பாதி வற்றியிருந்ததையும் சேர்த்தாள்,
நோயாளிச் சீட்டின் கிறுக்கல் கையெழுத்தில்.
இன்றுவரை எனக்கு அது மணி நான்கா ஒன்பதா என்று பிடிபடவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில்
நாற்காலியைச் சுமந்து வந்ததற்குக் கூலியாக
முதல் ஆளாய் என்னைச் சாய்த்தாள்.
விளக்கு முகத்தில். வெளியே நாய்களின் ஊளை.
மெல்லிய முனை ஒன்று ஈறோரமாய்
இறங்கி, ஏறி, நகர்ந்து, இறங்கியது.
காகிதத்தோடு செவிலி சுவரோரம் நின்றாள்.
"நான்கு. மூன்று. இரண்டு. இரண்டு."

என் வலது கை
நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி
முழுக்கப் பின்னால் இழுத்தது.

டோவே கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
குரல் மாறாமல் சொன்னாள்:
"பதினொன்று."
செவிலியின் பேனா
காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.